டேவியின் விளக்கு

ஆங்கிலக் கவிதை வரலாற்றைப் பயில்வோர் ஹம்ஃப்ரி டேவி என்னும் பெயரை ஒருமுறையேனும் கடந்து வந்திருப்பர். 1800இல் வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் தம் 'லிரிக்கல் பாலட்ஸ்' நூலின் இரண்டாம் பதிப்புக்கு மெய்ப்புப் பார்க்க நாடியது இவரைத்தான். தாமும் கவிதை எழுதிய இந்த வேதியியலாளரின் பெயர் மக்களிடையே நிலைத்ததோ ஒரு விளக்கினால். அவ்விளக்கின் கதை மீதேன் வாயுவின் கதையோடு பிணைந்தது.

காற்றுப் புகாத இடத்தில் தாவரங்கள் மக்கும்போது பிறப்பது மீதேன். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. 1776இல் இத்தாலியின் மாஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் குச்சியால் கிளறி, எழுந்த குமிழிகளைச் சேகரித்து எரித்துக் காட்டினார் வோல்டா. நம் கிராமங்களில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று அஞ்சப்பட்ட சதுப்புநில ஒளியோடும் இவ்வாயுவைத் தொடர்புபடுத்துவர். நிலக்கரிப் படிவுகளிலும் இது அடைபட்டுக் கிடக்கிறது. கரியை வெட்டும்போது கசிகிறது. காற்றில் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு கலந்துவிட்டால் ஒரு சிறு சுடர் போதும், சுரங்கமே வெடிக்கும்.

1812 மே 25 அன்று இங்கிலாந்தின் வடகிழக்கே ஃபெல்லிங் சுரங்கத்தில் அவ்வாறுதான் நிகழ்ந்தது. ஆண்களும் சிறுவர்களுமாக 92 பேர் மாண்டனர். உள்ளே தீ கனன்றதால் சுரங்க வாயில்களை மூடிவிட்டனர். உடல்களை மீட்கத் தொடங்கியதே ஜூலையில்தான். இறந்தோரை அடக்கம் செய்த பாதிரியார் ஜான் ஹாட்ஜ்சன், அவர்களின் பெயரையும் வயதையும் வரிசைப்படுத்தி நூலாக வெளியிட்டார். அதன் பிறகே சுரங்க விபத்தைத் தடுப்பதற்கென 1813இல் சண்டர்லாந்தில் ஒரு சங்கம் தோன்றியது. 1815இல் அச்சங்கம் டேவியின் உதவியை நாடியது.

அதுவரை தொழிலாளர்க்குக் கிடைத்த ஒளி எத்தகையது? மெழுகுவர்த்தி ஆபத்தானது. எஃகுச் சக்கரத்தில் சிக்கிமுக்கிக் கல்லை உரசிப் பறக்கும் பொறிகளையும், அழுகிய மீன்தோலின் மங்கிய மினுக்கத்தையும் நம்பி வேலை செய்தவர்கள் உண்டு. டேவி சில மாதங்களிலேயே விடை கண்டார். சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பிவலை அமைத்தால், உலோகம் வெப்பத்தை ஈர்த்துக்கொள்ளும். தீ வலையைக் கடந்து வெளிவாயுவைப் பற்றாது. மீதேன் மிகுந்தால் சுடரைச் சுற்றி நீலநிறம் படரும், அதுவே எச்சரிக்கையுமாயிற்று. 1816 ஜனவரியில் ஹெப்பர்ன் சுரங்கத்தில் அவ்விளக்கு சோதிக்கப்பட்டது. டேவி அதற்குக் காப்புரிமை கோரவில்லை. பின்னாளில் ரயில் எஞ்சின்களால் புகழ்பெற்ற ஜார்ஜ் ஸ்டீஃபன்சனும் அதே 1815இல் தனியே ஒரு விளக்கைச் செய்திருந்தார். யார் முந்தியவர் என்ற பூசல் நெடுநாள் நீடித்தது.

ஆனால் அப்பூசலைவிட முக்கியமானது வேறொன்று. 1835இல் பிரித்தானிய நாடாளுமன்றக் குழு கணக்கெடுத்தபோது, டர்ஹம், நார்தம்பர்லாந்து ஆகிய இரு மாவட்டங்களில் விளக்கு வருவதற்கு முந்தைய 18 ஆண்டுகளில் 447 பேரும், பிந்தைய 18 ஆண்டுகளில் 538 பேரும் வெடிவிபத்துகளில் இறந்திருந்தனர். வாயு மிகுதியென்று கைவிடப்பட்ட படிவுகளுக்குள் விளக்கைக் கொடுத்துத் தொழிலாளரை அனுப்பியதும், கரி உற்பத்தி பெருகியதும், செலவு பிடிக்கும் காற்றோட்ட வசதிகள் புறக்கணிக்கப்பட்டதும் காரணங்கள். பலத்த காற்றோட்டத்தில் சுடர் வலையைத் தாண்டிவிடும். கிழிந்த வலை காக்காது. இக்குறைகள் அறியப்பட்ட பின்னரும் அவ்விளக்கு பலகாலம் புழக்கத்தில் இருந்தது.

இன்று மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் நிலக்கரிப் படிவுகளில் துளையிட்டு இதே மீதேனை எடுக்கிறார்கள். அது ஆலைகளின் அடுப்பில் எரிகிறது. அழுத்தப்பட்டு வாகனங்களையும் ஓட்டுகிறது. சுரங்கத் தொழிலாளியின் கூற்றுவன் சந்தைப் பொருளாகிவிட்டான். பாதுகாப்பானது என்று ஒரு கருவி நம் கையில் தரப்படும்போது கேட்க வேண்டிய கேள்வி மட்டும் மாறவில்லை. அது வந்த பிறகு யாரை, இன்னும் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கச் சொல்லப் போகிறார்கள்?