ராமானுஜன் விட்ட ஓர் எண்

1729-ன் டாக்ஸிக் கதை எல்லோருக்கும் மனப்பாடம், அதை விட்டுவிடுவோம். நான் சொல்ல வந்தது 6746328388800.

12-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 6. அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் கிடையாது. இப்படித் தனக்கு முந்திய எல்லாவற்றையும் மிஞ்சுகிற எண்களைப் பற்றி, எஃப்.ஏ. தேறாத ராமானுஜன் 1915-ல் லண்டன் கணிதக் கழக இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். இந்த ஆராய்ச்சிக்குத்தான் 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. கொடுத்தது!

கட்டுரையில் 102 எண்கள் கொண்ட பட்டியல். கடைசி எண்தான் மேலே சொன்னது, வகுத்திகள் 10080. கால்குலேட்டர் இல்லாத காலம். நமக்கோ இன்று பத்து வரி புரோகிராம் போதும்.

அதில் ஒன்றே ஒன்று விட்டுப்போச்சு: 293318625600. வகுத்திகள் 5040. வேடிக்கை என்னவென்றால், இதை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண் வந்துவிடும். 23 பகா எண், ஏற்கெனவே உள்ளே இல்லாதது. அதனால் வகுத்திகள் அப்படியே இரட்டிப்பு. மாணவத் தம்பிகளே, பேப்பரில் போட்டுப் பாருங்களேன்.

யுத்த காலம், கழகத்துக்குப் பணமுடை. கட்டுரையின் பிற்பகுதி அச்சேறவில்லை. நிக்கோலா, ராபின் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணித அறிஞர்களின் குறிப்புகளோடு அது வெளிவந்தது 1997-ல்தான்.