கல்லும் கணக்கும்

சித்திரை பிறந்தால் மதுரையில் எல்லோரும் கள்ளழகரை எதிர்பார்த்திருப்பார்கள். டாக்டர்கள் மட்டும் கல்லடைப்புக்காரர்களை எதிர்பார்த்திருப்பார்கள். வெயிலில் உடம்பு நீரெல்லாம் வியர்வையாகப் போய்விட, சிறுநீர் தடித்துக் கல் விளைய இடம் கொடுக்கிறது. சுற்றுப்புறக் கிராமங்களில் முதல் வைத்தியம் வாழைத்தண்டுச் சாறு. அடுத்தது சிறுபீளைக் கஷாயம். பொங்கலுக்கு முன்தினம் இறவாரத்தில் காப்புக் கட்டுகிறோமே, அந்தப் பூவேதான்! இவற்றுக்கெல்லாம் அசையாத கல் கத்திக்குப் போகும். போனால் பலிக்குமா?

பழைய கேள்விதான். மூத்திரப்பைக் கல்லை அறுக்குமுன் அரசனிடம் உத்தரவு பெறவேண்டும் என்கிறார் சுச்ருதர். அறுக்காவிட்டால் சாவு நிச்சயமாம். அறுத்தாலோ பலன் சந்தேகமாம். தம் கழுத்தைக் காத்துக்கொள்ள வைத்தியர் கண்ட வழி என்று சிலர் சிரிக்கலாம். எனக்கென்னவோ, சந்தேகத்தைச் சந்தேகம் என்றே சொன்ன அந்த நேர்மை பிடித்திருக்கிறது.

அந்தச் சந்தேகத்தை எண்ணிப் பார்த்தவர் பாரிஸ் டாக்டர் ழான் சிவியால். 1824-இல் அவர் உடம்பைக் கீறாமல், சிறுநீர் வரும் வழியாகவே கருவியைச் செலுத்திக் கல்லை உள்ளேயே நொறுக்கினார். பிறகு கணக்கெடுத்தார். பழைய முறையில் அறுத்துக்கொண்ட 5,443 பேரில் 1,024 பேர் மாண்டிருந்தார்கள். புது முறையில் 307 பேரில் 7 பேர்தான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனால் 1835-இல் பிரெஞ்சு விஞ்ஞான அகாதெமியின் குழு ஆட்சேபித்தது. கூட்டுக் கணக்கில் தனி மனிதன் மறைந்துபோகிறான். வைத்தியர் முன் படுத்திருப்பவனோ எப்போதும் ஒருவன்தான் என்றது. அப்படிச் சொன்ன குழுவில் கணித மேதை புவாசோனும் இருந்தார் என்பதுதான் வேடிக்கை!

சிறுநீரகக் கல்லின் முறை பின்னால் வந்தது. முதுகில் சிறு துளையிட்டு அதைக் கவர்ந்தெடுக்கும் வித்தையை 1976-இல் ஸ்வீடன் டாக்டர்கள் வெளியிட்டார்கள். உயிர் பற்றிய பயம் குறைந்து, கல் முழுவதும் போகுமா என்பதே கேள்வியாயிற்று. 2011-இல் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரிக்காரர்கள் கல்லின் எண்ணிக்கையையும் இருப்பிடத்தையும் பார்த்து நான்கு தரமாகப் பிரித்தார்கள். முதல் தரத்தில் நூற்றுக்கு 81 பேருக்குக் கல் அடியோடு போயிற்று, இரண்டாவதில் 72, நான்காவதில் 29-தான்.

மேலூர்ப் பக்கத்து விவசாயியான என் மாமனாருக்கு இரண்டாவது தரம். டாக்டர் ஸ்கான் படத்தைக் காட்டி, "நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் ஒரே தடவையில் சுத்தமாகிவிடும், ஐயா" என்றார்.

"அந்த எழுபதுல நான் இருக்கேனா, மிச்சம் முப்பதுல இருக்கேனா? அதைச் சொல்லுங்க தம்பி."

புவாசோன் என்ற பெயரை அவர் கேட்டதே இல்லை.

"அது கணக்கிலே வராது, ஐயா" என்று சொல்லி, டாக்டர் சம்மதக் காகிதத்தை நீட்டினார். உத்தரவு கொடுக்க இப்போது அரசன் ஏது? மாமனாரே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.