சீம்பாலும் முதல் மூன்று நாளும்: ஆயுர்வேத மூலநூல்களில் கருவுற்றோரின் மார்பக மாற்றமும் பாலூட்டலும்

முன்னுரை

பிறந்த குழந்தைக்கு முதல் இரண்டு மூன்று நாள்கள் தாய்ப்பால் ஊட்டலாகாது என்னும் வழக்கம் இந்தியாவின் பல பகுதிகளில் நெடுங்காலம் நிலவியது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும் இதனோடு சேர்ந்தது. இவ்வழக்கத்திற்குப் பழமையே சான்றாகக் காட்டப்பட்டு வந்துள்ளது. ஆயின், பழைய நூல்கள் இதில் ஒரே கருத்தை உடையனவா என்பது ஆராயத்தக்கது. ஆயுர்வேத மூலநூல்களான சரக சம்ஹிதை, சுஸ்ருத சம்ஹிதை ஆகிய இரண்டின் சாரீரஸ்தானப் பகுதிகளை இக்கட்டுரை இந்நோக்கில் ஒப்பிடுகிறது. இவை பொது ஆண்டின் தொடக்க நூற்றாண்டுகளை ஒட்டி உருப்பெற்று, பின்னர்த் திருத்தமும் விரிவும் பெற்ற தொகுப்புகளாகும்.

கருக்குறியாக மார்பக மாற்றம்

கருவுற்றமைக்குரிய குறிகளுள் மார்பக மாற்றத்தை இரு நூல்களுமே சேர்த்துள்ளன. முலைக்கண்ணைச் சூழ்ந்த வட்டம் மிகக் கருப்பதைச் சரகம் குறிப்பிடுகிறது. முலைமுகம் கருப்பதையும் வயிற்றில் மயிரொழுங்கு தோன்றுவதையும் சுஸ்ருதம் குறிப்பிடுகிறது. ஐரோப்பிய மருத்துவத்தில் இம்மாற்றங்களை விரிவாக ஆராய்ந்தவருள் அயர்லாந்து மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி குறிப்பிடத்தக்கவர். கருக்குறிகள் பற்றிய அவரது நூல் 1837இல் வெளிவந்தது. அவ்வட்டத்தின்மேல் புடைத்துத் தோன்றும் சிறு சுரப்பிகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன.

மாற்றத்திற்கான காரணத்தையும் இந்திய நூலாசிரியர்கள் தேடினர். கருவுற்றவள் உண்ணும் உணவின் சாரம் மூன்றாகப் பிரிந்து, ஒன்று அவள் உடலுக்கும், ஒன்று கருவின் வளர்ச்சிக்கும், ஒன்று பாலுக்கும் செல்கிறது என்பது சரகத்தின் கொள்கை. வழியடைபட்ட மாதவிடாய்க் குருதி மேலேறி மார்பகத்தை அடைவதால் அது பருத்து நிமிர்கிறது என்பது சுஸ்ருதத்தின் கொள்கை. விளக்கங்கள் வேறாயினும், பிள்ளைப்பேற்றுக்கு முன்னரே மார்பகம் பாலூட்டலுக்கு ஆயத்தமாகிறது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

முதல் ஊட்டலில் வேறுபாடு

பிறந்த பின் இரு நூல்களும் பிரிகின்றன. தேனும் நெய்யும் குழந்தைக்கு ஊட்டிய பின், வலப்பக்க மார்பை முதலில் தருமாறு சரகம் விதிக்கிறது. இடையில் நாள் கழிக்குமாறு அது கூறவில்லை. சுஸ்ருதமோ, இதயத்தைச் சார்ந்த நாளங்கள் திறந்து மூன்று அல்லது நான்கு நாள் கழிந்த பின்னரே பால் பெருகுகிறது எனக் கருதுகிறது. ஆகவே முதல் மூன்று நாளும் மருந்துச் சரக்குகள் சேர்ந்த தேனையும் நெய்யையும் விதித்து, நான்காம் நாளுக்குப் பின்னரே மார்பில் ஊட்டச் சொல்கிறது.

சுஸ்ருதம் பாலைத் தேர்ந்தறியும் முறையும் இங்கு நோக்கத்தக்கது. நல்ல பால் குளிர்ந்து, தெளிந்து, நீர்த்து, சங்கின் வெண்மை பெற்று, நீரில் இட்டால் ஒன்றாகக் கலக்கும் என்பது அதன் அளவுகோல். மஞ்சள் நிறமும் திண்மையும் உடைய சீம்பால் இதில் தேறாது. முதிர்ந்த பாலுக்கு வகுத்த இலக்கணம் முதற்பாலுக்குப் பொருந்தாமற் போனது எனலாம்.

இன்றைய அறிவியலின் ஒளியில்

கருக்காலத்தின் நடுப்பகுதியிலிருந்தே மார்பகம் சீம்பாலைச் சுரக்கத் தொடங்குகிறது. நச்சுக்கொடி வெளியேறியதும் தாயின் குருதியில் புரோஜெஸ்டிரோன் விரைந்து குறைகிறது. அதனால் இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் பால் மிகுந்து பெருகுகிறது. சுஸ்ருதம் கண்ட மூன்று, நான்கு நாள் கணக்கு இப்பெருக்கத்திற்குரியது. கண்டது சரியே; அதற்கு முன் ஊட்டத்தக்க பால் இல்லை என்ற முடிவே பிழை. அளவிற் குறைந்த சீம்பாலில் நோய்த்தடுப்புப் புரதங்கள் செறிந்துள்ளன. குழந்தை தொடர்ந்து சப்புவது பின்வரும் பாற்சுரப்பையும் ஊக்குகிறது. மறுபுறம், இரு நூல்களும் விதித்த தேன் ஓராண்டு நிரம்பாத குழந்தைக்கு நச்சுநோய் விளைவிக்கக்கூடும் என்பதால் இன்று விலக்கப்படுகிறது. தமிழர் வழக்கில் தேனோ சருக்கரை நீரோ நாவில் தொட்டுவைக்கும் சேனை வைத்தலும் இவ்வகையில் மறுஆய்வுக்குரியதே.

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் பாலூட்ட வேண்டும் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் பரிந்துரை. இந்திய அரசு 2016இல் இதற்கெனத் தாய்ப்பால் ஊக்குவிப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. எனினும், தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி அவ்வாறு ஊட்டப்பெற்ற குழந்தைகள் 2015-16இல் 41.6 விழுக்காடு, 2019-21இல் 41.8 விழுக்காடு. நான்காண்டுகளில் மாற்றம் மிகச் சிறிதே.

நிறைவுரை

சீம்பாலைத் தவிர்ப்பதற்குப் பழமையைச் சான்று காட்டுவோர் அப்பழமையின் ஒரு பாதியையே காட்டுகின்றனர். மறுபாதியில், காத்திருக்கச் சொல்லாமல் தாயின் மார்பைத் தரும் சரகத்தின் விதி உள்ளது. இளந்தாயிடம் வழக்கத்தை மாற்றச் சொல்லும் செவிலியர்க்கும், அதனை ஏற்கத் தயங்கும் குடும்பத்து மூத்தோர்க்கும் இவ்வுண்மை பயன்படும். மரபைத் துறக்காமலேயே சீம்பாலை ஊட்ட இயலும் என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படும் முடிவாகும்.