மாளிகையில் படம், மாரியம்மன் முன் தாலி

மலேசியாவின் பேராவில், பத்து காஜாவிலிருந்து கோப்பெங் போகும் சாலையில், ராயா ஆற்றின் அக்கரையில் நிற்கிறது கெல்லி காசல். கல்யாணப் படம் எடுக்க வரும் ஜோடிகளை இங்கே பார்க்கலாம். செங்கல் வளைவுக்குக் கீழே பட்டுப்புடவை, மாலை, எதிரே கேமரா.

கட்டியவர் வில்லியம் கெல்லி ஸ்மித். 1870இல் ஸ்காட்லாந்தில் கெல்லாஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். இருபது வயதில் மலாயா வந்தார், ரப்பரில் சம்பாதித்தார், பிறந்த ஊரின் பெயரையே தோட்டத்துக்கும் வைத்தார். மாளிகை வேலை 1915இல் தொடங்கியது. செங்கல் இந்தியாவிலிருந்து வந்தது. கொத்தனார்களும் தமிழகத்திலிருந்து வந்தவர்கள்.

முதல் உலகப் போர் முடியும் காலத்தில் விஷக்காய்ச்சல் பரவியது. வேலையாட்கள் பலர் மாண்டார்கள். அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று மற்றவர்கள் துரையிடம் கேட்டார்களாம், அவரும் கட்டிக்கொடுத்தாராம். மாளிகையிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது அந்த மாரியம்மன் கோயில். அண்ணாந்து பாருங்கள். சாமி சிலைகளுக்கு நடுவில் வெள்ளை உடையும் தொப்பியுமாக ஒரு உருவம் நிற்கும். அது ஸ்மித் துரைதான் என்கிறார்கள் ஊரார். 1926இல் லிஸ்பனில் அவர் இறந்தார். மாளிகை அரைகுறையாக நின்றுபோனது. அதில் அவர் குடியேறவே இல்லை. கோயிலில் பூசை தொடர்ந்தது.

எனக்கு மாளிகையைவிட அந்தக் கோயில்தான் பெரிது. பேராவின் தோட்டங்களில் நம்மவர்கள் கல்யாணம் நடந்தது இப்படிப்பட்ட கோயில்களில்தான். தொடக்கத்தில் கங்காணியோடு கப்பலேறியவர்களில் ஆண்களே அதிகம். பிறகு பெண்கள் வந்தார்கள், லயங்களில் குடும்பங்கள் வேர்விட்டன. 1938இல் தொழிலாளர்களை அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியபின், பெண் கொடுப்பதும் எடுப்பதும் பெரும்பாலும் இந்த மண்ணுக்குள்ளேயே. கோயில் வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல், இரண்டு வாழைமரம், மஞ்சள் கயிறு. லயமே கூடிச் சமைத்துப் பரிமாறும். பால்வெட்டும் கைகளே தோரணமும் கட்டின.

அந்தக் கல்யாணங்கள் பலவற்றுக்குக் காகிதம் கிடையாது. ஊரும் அம்மனுமே சாட்சி. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி முறையாக நடந்த திருமணங்களை அது பதிவானதாகவே ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு தாலி மட்டும் போதாது, பதிவும் வேண்டும் என்றானது. அதனால் பல கோயில்களில் துணைப் பதிவாளர் இருக்கிறார். பதிவும் தாலியும் ஒரே இடத்தில் நடக்கின்றன. இதை அறியாமல் தாலியோடு நிறுத்திக்கொண்ட பெண்கள், கணவன் இறந்தபின் அவனுடைய சேமநிதிப் பணத்துக்கு அலைந்ததுதான் கொடுமை. எந்தத் தோட்டத்துப் பெண்ணுக்கும் அந்த நிலை வந்திருக்கக் கூடாது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்கள் இடிந்தன, மக்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்தார்கள். பல இடங்களில் கோயில் ஒன்றுதான் மிச்சம்.

உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால் இன்றைக்கே கேளுங்கள்: எந்தத் தோட்டம், எந்தக் கோயில், தாலி ஏறியது எந்த வருஷம், பந்தல் போட்டவர்கள் யார்? சொல்லச் சொல்ல எழுதி வையுங்கள். அந்தக் கல்யாணத்துக்கு வேறு பதிவேடு இல்லை.