பதற்றத்துக்குப் போடும் மாத்திரை பகலிலும் தூக்கம் தருதா? என்ன செய்யணும்?

தீராத பதற்றத்துக்கு வழக்கமான மருந்துகள் பலன் தராதபோது, சிலருக்கு 'க்வெட்டியாபின்' குறைந்த அளவில் தரப்படுகிறது. மனச்சிதைவு நோய்க்கான மருந்தாச்சே என்று பயந்து, தாங்களாகவே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அது தவறு.

தூக்கம் ஏன் வருது?
மூளையை விழிப்பாக வைக்கும் ஹிஸ்டமினின் வேலையை இந்த மருந்து தடுக்கிறது. சில சளி மாத்திரைகள் போட்டால் கண் சொக்குவதும் இதனால்தான். பலருக்குச் சில வாரங்களில் மந்தம் குறையும்.

கவனிக்க வேண்டியவை:

* பெரும்பாலும் இரவில்தான் போடச் சொல்வார்கள். நேரத்தையோ அளவையோ டாக்டரைக் கேட்டே மாற்றணும்.
* கலக்கம் தீரும்வரை பைக் வேண்டாம். அச்சரப்பாக்கத்தில் இருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வேலைக்குப் போகிறவர்கள் பஸ், ரயிலில் போகலாம்.
* மது கூடவே கூடாது. சளி மாத்திரைக்கும் டாக்டரைக் கேளுங்கள்.
* சட்டென எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். உட்கார்ந்து, நிதானமாக எழுங்கள்.
* திடீரென நிறுத்தினால் தூக்கமின்மை, குமட்டல் வரலாம்.
* எடை, சர்க்கரை அளவை அவ்வப்போது பாருங்கள்.

எழுப்பியும் எழாத தூக்கம், கடும் காய்ச்சலுடன் உடல் விறைப்பு என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ்: 14416. 24 மணி நேரமும் இலவசம்.