முயல் படம் பார்த்து அழுதவர்கள்



போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சின்ன வாக்குவாதம். ஒருவர் தன் ஐந்து வயது மகளைக் கார்ட்டூன் படத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். பாதியில் குழந்தை வீறிட்டு அழ, வெளியே வந்துவிட்டார்கள். "குழந்தைங்க படத்துல கூடவா சார் சாவைக் காட்டுவாங்க?" என்று என்னைக் கேட்டார். இன்னொருவர், "நாம பார்க்காததா? இந்தக் காலத்துப் பிள்ளைங்களைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறோம்" என்று பதில் போட்டார். அப்புறம் அம்பது செய்தி. வரலாற்று வாத்தியாரிடம் கேள்வி கேட்டால் வருஷக் கணக்கோடுதான் பதில் வரும் என்று உங்களுக்குத் தெரியாதா? பொறுமையாகப் படியுங்கள்.

இந்தச் சண்டை புதிதல்ல. முழுநீளக் கார்ட்டூன் படங்களுக்கு எத்தனை வயதோ, இதற்கும் ஏறக்குறைய அத்தனை வயது.

1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வால்ட் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்' முதன்முதலாகத் திரையிடப்பட்டது. மறு ஆண்டு அது இங்கிலாந்துக்குப் போனது. அங்கே 1912 முதல் இயங்கிவந்த திரைப்படத் தணிக்கை வாரியம், படத்தைப் பார்த்துவிட்டு 'ஏ' சான்றிதழ் கொடுத்தது. நம் ஊர் 'ஏ' என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அன்றைய இங்கிலாந்தில் அதற்கு அர்த்தம் வேறு. 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பெரியவர் துணையோடுதான் உள்ளே வரலாம், அவ்வளவுதான். காட்டில் மரக்கிளைகள் கைகளாக நீளுவதும், ராணி கிழவியாக மாறுவதும் பிள்ளைகளைக் கலங்கடிக்கும் என்று வாரியத்தார் கருதினார்கள்.

ஆனால் அந்த நாட்டில் சட்டப்படி தியேட்டருக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரம் உள்ளாட்சி மன்றங்களிடம் இருந்தது. வாரியம் சொல்வதை அவர்கள் ஏற்கலாம், மாற்றவும் செய்யலாம். பல ஊர் மன்றங்கள் 'இது குழந்தைகள் படம்தானே' என்று சொல்லி, துணையில்லாமலே பிள்ளைகளை அனுமதித்தன. ஆக, ஒரே படம், ஒரே நாடு. ஓர் ஊரில் பிள்ளை தனியாகப் போகலாம், இன்னோர் ஊரில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டுதான் போகவேண்டும்.

இது ஒரு கட்டம். என் கட்டுரையின் நாயகன் இன்னும் வரவில்லை. அது ஒரு முயல்.

ரிச்சர்ட் ஆடம்ஸ் என்று ஓர் ஆங்கிலேயர். 1920-ல் பிறந்தவர், அரசு ஊழியர். காரில் நெடுந்தூரம் போகும்போது தன் இரண்டு பெண் குழந்தைகளுக்குப் பொழுது போக ஒரு முயல் கதை சொல்ல ஆரம்பித்தார். தங்கள் வளை அழியப்போகிறது என்று ஒரு குட்டி முயலுக்கு முன்கூட்டியே தெரிகிறது. அதன் பேச்சைக் கேட்ட சில முயல்கள் மட்டும் ஊரைவிட்டுக் கிளம்பி, ஆறு கடந்து, காடு கடந்து, ஒரு குன்றின் மேல் புது ஊர் அமைக்கின்றன. 'வாட்டர்ஷிப் டவுன்' என்பது அந்தக் குன்றின் பெயர். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் இன்றும் இருக்கிற நிஜக் குன்று. கதையை எழுதியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது அந்தக் குழந்தைகள்தான். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிறகு, 1972-ல் ஒரு சின்னப் பதிப்பகம் அதை வெளியிட்டது. அதன் பிறகு உலகமே படித்தது.

இதில் ஒரு வரலாற்றுச் செய்தி ஒளிந்திருக்கிறது. ஆடம்ஸ் இரண்டாம் உலகப் போரில் வான்வழிப் படைப்பிரிவு ஒன்றில் பணியாற்றியவர். கதையில் முயல்களுக்குத் தலைமை தாங்கும் ஹேஸலைத் தன் மேலதிகாரி மேஜர் ஜான் கிஃபோர்டை மனதில் வைத்தும், முரட்டு வீரன் பிக்விக்கைத் தன் நண்பர் கேப்டன் டெஸ்மண்ட் கவனாவை மனதில் வைத்தும் படைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கவனா 1944-ல் ஆர்ன்ஹெம் போரில் இறந்துபோனார். அதாவது, பெண் குழந்தைகளுக்குக் காரில் சொன்ன கதைக்குள், அப்பாவின் போர்க்களம் இருந்தது. குழந்தைகளுக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் கதையில் சாவு ஏன் இத்தனை உண்மையாக இருக்கிறது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

1978-ல் மார்ட்டின் ரோசன் இதைக் கார்ட்டூன் படமாக எடுத்தார். ஒன்றரை மணி நேரப் படம். புல்வெளி முழுக்க ரத்தம் பரவுவதைக் குட்டி முயல் ஃபைவர் காண்கிறது. வளைகளை மனிதர்கள் அடைத்துவிட, உள்ளே முயல்கள் மூச்சுமுட்டிச் சாகின்றன. பிக்விக் கம்பிக் கண்ணியில் மாட்டி வாயில் நுரை தள்ளுகிறது. கடைசியில் கொடுங்கோலன் வூண்ட்வார்ட்டோடு கடித்துக் குதறும் சண்டை. இத்தனைக்கும் தணிக்கை வாரியம் கொடுத்த சான்றிதழ் 'யு', அதாவது யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். படம் ஓடும் நேரத்தில் பிள்ளைகளின் மனம் கலங்கலாம், ஆனால் கதையின் மயக்கம் கலைந்த பிறகு பெரிதாகத் தொந்தரவு செய்யாது என்பது அன்று பார்த்தவர்களின் கணிப்பு.

கணிப்பு பொய்த்தது. 'முயல் படம்தானே' என்று பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டுச் சமையலறைக்குப் போன பெற்றோர்கள், அலறல் கேட்டு ஓடிவந்தார்கள். வருஷங்கள் போனாலும் வாரியத்துக்குப் புகார்கள் நிற்கவில்லை. 2016-ல் ஈஸ்டர் ஞாயிறு அன்று பிற்பகலில், குடும்பமே கூடியிருக்கும் நேரத்தில், சேனல் 5 தொலைக்காட்சி இதே படத்தைப் போட்டது. ஈஸ்டர் என்றால் அங்கே முயல் பொம்மையும் சாக்லேட் முட்டையும்! சமூக ஊடகங்களில் பெற்றோர்கள் கொதித்துப்போனார்கள். இன்று வந்தால் இந்தப் படத்துக்கு 'பிஜி' தான் கிடைக்கும், அதாவது பெற்றோர் பார்த்து முடிவு செய்யவேண்டிய படம், என்று வாரியத்தின் தலைவரே அப்போது சொன்னார். 2022-ல் மறுபடி பரிசீலித்து 'பிஜி' என்று மாற்றியும் விட்டார்கள். ஒரு முயல் படத்துக்குச் சான்றிதழ் மாற 44 வருஷம்!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 2016-ல் கோபப்பட்ட பெற்றோர்களில் பலர், 1978-க்குப் பிறகு பிள்ளைகளாக இதே படத்தைப் பார்த்து அழுதிருக்கக்கூடிய வயதுக்காரர்கள். அதே தலைமுறையில்தான் இந்தப் படத்தைக் காலமெல்லாம் நெஞ்சில் வைத்துக் கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே பயம், ஒருவருக்குக் காயமாகவும் இன்னொருவருக்குப் பொக்கிஷமாகவும் ஆகியிருக்கிறது.

நம் நாட்டிலும் இந்த வாதம் உண்டு. 2016-ல் 'ஜங்கிள் புக்' படத்துக்கு, விலங்குகள் பாய்வது பிள்ளைகளைப் பயமுறுத்தும் என்று சொல்லி நம் தணிக்கை வாரியம் 'யு/ஏ' கொடுத்தபோது எத்தனை கேலி! 1983 முதல் இருந்த அந்த ஒற்றை 'யு/ஏ' பிரிவை, 2024 விதிகளில் 7 வயது, 13 வயது, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். நல்லதுதான். பெற்றோருக்கு ஒரு கைவிளக்கு.

ஆனால் சான்றிதழ் எதையெல்லாம் சொல்லாது என்பதை என் வீட்டில் பார்த்தேன்.

என் மனைவி, உங்களில் பலருக்கு மோர் கொடுத்த டீச்சரம்மா, காலமான ஆறாம் மாதம் அது. ஏழு வயதுப் பேத்தியிடம் "பாட்டி ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிவைத்திருந்தோம். விடுமுறைக்கு வந்திருந்த பெரிய பேரன் 'வாட்டர்ஷிப் டவுன்' படத்தைப் போட்டான். பேத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். கண்ணிக் காட்சியில் மருமகள் "நிறுத்துடா, ராத்திரி தூங்கமாட்டா" என்றாள். மகன் "கார்ட்டூன்தானே, விடு" என்றான். என் அக்காவுக்கு வயது எண்பத்தி இரண்டு. அவர் சொன்னார்: "மயானத்துல சந்திரமதி லோகிதாசனை மடியில போட்டுக்கிட்டு அழுததை விடிய விடிய கூத்துல பார்த்தவதான் நானு. நல்லதங்கா ஏழு பிள்ளையையும் கிணத்துல போட்ட கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். எனக்கு என்ன ஆச்சு?"

படத்தின் முடிவில், கிழடாகிப்போன ஹேஸலிடம் கறுப்பு முயல் வந்து கூப்பிடுகிறது. உடம்பைப் புல்லில் விட்டுவிட்டு ஹேஸல் அதோடு போய்விடுகிறது. பேத்தி அழவில்லை. என்னைப் பார்த்து, "தாத்தா, பாட்டியையும் இப்படித்தான் கூப்பிட்டாங்களா?" என்று கேட்டாள்.

வீடு அப்படியே அமைதியாகிவிட்டது. மருமகள்தான் முதலில் பேசினாள். பிள்ளையை மடியில் இழுத்து, "ஆமாம்மா. பாட்டி செத்துட்டாங்க. இனிமே வரமாட்டாங்க" என்றாள். அதன் பிறகுதான் குழந்தை அழுதது. நாங்களும் அழுதோம். இரண்டு இரவு குழந்தை சரியாகத் தூங்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மூன்றாம் நாள் பாட்டியின் போட்டோவுக்குத் தானே பூ வைத்தாள்.

இதை வைத்து 'எல்லாப் பிள்ளைக்கும் எல்லாவற்றையும் காட்டுங்கள்' என்று நான் சொல்லவில்லை. அக்கா சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அவர் சொல்லாத மறுபாதி, அந்தக் கூத்தை அவர் தனியாகப் பார்க்கவில்லை என்பது. விடிய விடிய அம்மாவின் மடியில் கிடந்து பார்த்தார். அம்மாவும் அழுதார், பக்கத்து வீட்டு அத்தையும் அழுதார். அழுகை அங்கே ஊருக்கே பொதுவாக இருந்தது. இங்கிலாந்துப் பிள்ளைகள் பலர் டிவி முன்னால் தனியாக உட்கார்ந்து முயல் சாவதைப் பார்த்தார்கள். வித்தியாசம் அங்கேதான்.

அப்படிப் பார்த்தால், 1938-ல் எல்லோரும் கேலி செய்த அந்த 'ஏ' சான்றிதழ் ஒரு நல்ல காரியத்தைத்தான் கேட்டது. 'பார்க்காதே' என்று அது சொல்லவில்லை. 'பெரியவர் ஒருவர் கூட வரவேண்டும்' என்றுதான் சொன்னது.

எனவே, மகளைப் பாதியில் தூக்கிக்கொண்டு வெளியே வந்த தம்பிக்கு: நீ செய்தது சரி. நீ பக்கத்தில் இருந்தாய், அதனால் அவள் பயம் உனக்குத் தெரிந்தது. 'பொத்தி வளர்க்கிறோம்' என்றவருக்கு: நீங்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு, ஆனால் படத்தைப் போட்டுவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டாலும், பக்கத்தில் ஆள் இருப்பதே பாதிப் பதில்.

சிறுவயதில் உங்களை அழவைத்த படம் எது, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கீழே எழுதுங்கள். படித்துப் பார்த்து மார்க் போடுகிறேன். எழுத்துப் பிழைக்கு மார்க் குறைப்பேன், ஞாபகம் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்