மின்கம்பியைத் தொடாமலேயே நேரும் மின்வில் காயங்கள்

நின்றிருக்கும் சரக்கு ரயிலின் மேல் ஏறியவர், தலைக்கு மேலுள்ள கம்பியைத் தொடாமலேயே தீக்காயமுற்று விழுவதுண்டு. “கம்பி இழுத்துவிட்டது” என்று பார்த்தவர்கள் கூறுவர். கம்பி எவரையும் இழுப்பதில்லை. இடையிலுள்ள காற்றே மின்கடத்தியாக மாறிவிடுகிறது.

காற்று இயல்பில் நல்ல மின்காப்புப் பொருளாகும். ஆயினும் மின்னழுத்தம் மிகும்போது, காற்றிலுள்ள ஒருசில எலக்ட்ரான்கள் விரைந்து சென்று மூலக்கூறுகளில் மோதி, மேலும் எலக்ட்ரான்களை விடுவிக்கின்றன. அவையும் மோத, கணப்பொழுதில் மின்பாதை உருவாகிறது. சமமான இரு உலோகப் பரப்புகளுக்கிடையே இது நிகழ, ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ட் தேவை. கூரிய முனைகளின் அருகே இன்னும் எளிதாக நிகழும்.

இந்திய ரயில் பாதைகளின் மேல்நிலைக் கம்பியில் 25,000 வோல்ட் மின்னழுத்தம் உள்ளது. அதிலிருந்து மின்சாரம் காற்றில் தாவும் தொலைவு சில சென்டிமீட்டர்களே. அவ்வாறாயின் 2 மீட்டர் விலகியிருக்குமாறு அறிவுறுத்துவது ஏன்? உயர்த்திய கை, குடை, செல்ஃபி குச்சி, ஒரு சிறு தடுமாற்றம் ஆகியவை அந்த இடைவெளியை எளிதில் இல்லாமலாக்கிவிடும். தோட்டத்தில் மின்கம்பியருகே உயர்த்தும் இரும்புத் தொரட்டிக்கும் இது பொருந்தும்.

பொறி பறந்தபின் நிலைமை முற்றிலும் வேறு. பாதையிலுள்ள காற்று பல ஆயிரம் டிகிரி வெப்பமடைந்து மின்வில்லாகிறது. சூடான இந்தப் பாதையைத் தக்கவைக்கக் குறைந்த மின்னழுத்தமே போதுமாதலால், கையைப் பின்னிழுத்தாலும் வில் நீண்டு தொடரக்கூடும். மாறுமின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியாகியும், காற்று குளிருமுன் வில் மீண்டும் பற்றிக்கொள்கிறது.

இதன் வெப்பத்தில் ஆடை தீப்பற்றும். உருகிய உலோகம் தெறிக்கும். உடல் வழியே மின்சாரம் பாய்ந்திருப்பின், தோலில் காயம் சிறிதாகத் தோன்றினும் உள்ளே தசைகள் சிதைந்திருக்கலாம். இதயத் துடிப்பும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். எனவே நன்றாகப் பேசுகிறார் என்பதற்காக ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

மின்சாரம் துண்டிக்கப்பட்டதாக உரியவர்கள் உறுதி செய்யும்வரை அருகே செல்லாதீர்கள். உயரழுத்தக் கம்பியெனில் உலர்ந்த மரக்கோலும் உங்களைக் காக்காது. 108 எண்ணை அழையுங்கள். ரயில் பாதையெனில் 139 எண்ணுக்கும் தெரிவியுங்கள். மூச்சு இல்லையெனில், மின்சாரம் நின்றபின் உடனே மார்பழுத்த முதலுதவியைத் தொடங்குங்கள். தீக்காயத்தின் மீது 20 நிமிடம் குளிர்ந்த குழாய் நீரை ஊற்றுங்கள். மோதிரம், வளையல்களைக் கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். மை, பற்பசை, மாவு எதையும் பூச வேண்டாம்.

மின்வில்லின் புறஊதா ஒளி கண்ணையும் தாக்கும். வெல்டிங் பட்டறையில் வெறுங்கண்ணால் பார்த்தவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில், கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தி நீர் வடியும். இது பொதுவாக ஓரிரு நாளில் ஆறும். உருளைக்கிழங்குத் துண்டு வைப்பதைத் தவிருங்கள். பட்டறைகளில் சிலர் கைமாற்றிக்கொள்ளும் மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தோ வலியை மறைத்து, கருவிழி ஆறுவதைத் தாமதப்படுத்தும். பார்வை மங்கினாலோ, இரண்டு நாளில் வலி தணியாவிட்டாலோ கண் மருத்துவரை அணுகுங்கள்.